உயரச் சான்று கிடைத்துவிட்டது, மண்டபம் கட்டலாமா?

வாசகர் கேள்வி: எங்கள் நிலம் சேலம் மாவட்டத்தில், கமலாபுரம் விமான நிலையத்துக்கும் ஓமலூருக்கும் இடையில் இருக்கிறது. இரண்டரை ஏக்கர். என் கணவர் காலமான பிறகு பட்டா என் பெயருக்கு மாறியது. ஓடுதளத்தின் முனையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இருக்கும். மொட்டைமாடியில் துணி உலர்த்தும் நேரத்தில் விமானம் இறங்கினால், நேர் தலைக்கு மேலே அதன் சக்கரங்கள் தெரியும். இந்த நிலத்தில் எண்ணூறு பேர் அமரும் கல்யாண மண்டபம் கட்டலாம் என்கிறார் என் கொழுந்தனார். பெங்களூரில் வேலை செய்யும் என் மகனோ மழலையர் பள்ளி தொடங்க விரும்புகிறான். கட்டடத்தின் உயரத்துக்கு விமான நிலைய ஆணையத்தின் தடையின்மைச் சான்று கிடைத்துவிட்டது. "சான்றே வந்த பிறகு தயங்க என்ன இருக்கிறது?" என்று கொழுந்தனார் கேட்கிறார். எனக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. ஊருக்குள் எங்களுக்கு அரை ஏக்கர் காலிமனையும் இருக்கிறது. என் தயக்கம் வீண் பயமா? ஊர்ப் பெயரை வெளியிட வேண்டாம்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

உங்கள் தயக்கம் வீண் பயமாகாது. நகரமைப்புத் துறையில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் எழுதியவற்றுள் புல எண், பரப்பளவு எல்லாவற்றையும்விட, துணி உலர்த்தும்போது நேர் தலைக்கு மேலே விமானத்தின் சக்கரங்கள் தெரியும் என்ற வரிதான் எனக்கு மிகுதியாகச் சொன்னது. உங்கள் நிலம் விமானம் இறங்கும் பாதையின் அடியிலேயே இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை.

உங்கள் கையில் இருக்கும் சான்று எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். விமான இயக்கத்தைப் பாதுகாப்பதற்கான உயரக் கட்டுப்பாட்டு விதிகளை நடுவண் அரசின் விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2015-ல் வெளியிட்டது. அந்த விதிகளின்படி, நீங்கள் எழுப்பப் போகும் கட்டடம் விமானத்துக்கு இடையூறாக இருக்குமா என்று மட்டுமே இந்திய விமான நிலைய ஆணையம் பார்க்கிறது. விமானத்துக்கு ஏதேனும் நேர்ந்தால் கட்டடத்துக்குள் இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்பதும், அந்த இரைச்சலில் ஒரு குழந்தை பாடம் கேட்க முடியுமா என்பதும் அந்தச் சான்றின் வரம்புக்குள் வருவதே இல்லை. சான்று விமானத்தைக் காக்கிறது. உள்ளே இருக்கும் மனிதர்களைக் காப்பது நிலத்தை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்ற முடிவுதான். இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதிக்கொள்வதால் வரும் தவறுகளை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன்.

சிறு கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். ஓடுதளத்தின் முனைக்கு வெளியே 60 மீட்டரில் தொடங்கி, 50 மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் வீதம் உயர்ந்துகொண்டே போகும் ஒரு சாய்தளத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கருவிகளின் துணையோடு விமானம் இறங்கும் ஓடுதளங்களுக்கு வகுக்கப்பட்ட கடுமையான கணக்கு இது. இந்தச் சாய்தளத்தை எந்தக் கட்டடமும், மரமும், கம்பமும் கிழித்துக்கொண்டு மேலே வரக்கூடாது. இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இந்தச் சாய்தளம், ஓடுதள முனையின் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 39 மீட்டர் உயரத்தில் இருக்கும். உங்கள் மண்டபம் 12 மீட்டரைத் தாண்டாது. ஆகவே சான்று கிடைத்ததில் வியப்பு ஏதும் இல்லை. கிடைக்காமல் போயிருந்தால்தான் வியப்பு. ஆனால் அதே இடத்தில், வழக்கமான மூன்று பாகைச் சரிவில் இறங்கி வரும் விமானம் ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்தில் பறக்கும். பந்தியில் எண்ணூறு பேர் அமர்ந்திருக்கும் கூரைக்கு மேலே 120 மீட்டர் என்பது, விமானியின் கையை மீறி ஏதாவது நடந்தால், திருத்திக்கொள்ளச் சில நொடிகளே தரும் உயரம்.

அந்த 39 மீட்டரையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். சான்றில் குறிப்பிடும் உச்ச அளவு கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுவது, தரையிலிருந்து அளப்பதாகாது. கமலாபுரம் நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 307 மீட்டரில் இருக்கிறது. நம் பகுதி சமதளமும் கிடையாது. கிழக்கே சேர்வராயன் மலை 1,600 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்க, அதன் அடிவாரத்துக் கரடுகளும் மேடுகளும் ஓமலூர் வரை பரவிக் கிடக்கின்றன. உங்கள் நிலம் ஓடுதளத்தைவிட 8 மீட்டர் மேடாக இருந்தால், அனுமதிக்கப்பட்ட உயரத்தில் அந்த 8 மீட்டர் கழிந்துவிடும். கட்டடத்தின் உச்சி என்பது தளத்தோடு முடிவதும் இல்லை. தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, இடிதாங்கி, வளாகத்தில் பின்னாளில் வாடகைக்கு விடும் செல்பேசிக் கோபுரம் எல்லாம் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டருக்குள் கிழக்கே இருக்கும் ஏற்காட்டிலிருந்தும், தங்கும் விடுதி கட்டுவோர் இதே குழப்பத்தோடு என்னிடம் வருவதுண்டு. தரையிலிருந்து இத்தனை அடி என்று மனக்கணக்குப் போட்டுவிட்டு, மலையின் மட்டத்தை மறந்துவிடுகிறார்கள்.

இதைவிடவும் நீங்கள் கவனிக்க வேண்டியது ஓடுதளத்தின் நீளம். இப்போது அது ஏறத்தாழ 1,800 மீட்டர். சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் நடுவண் அரசின் உடான் திட்டத்தில் 2018-ல் தொடங்கிய சேவையும், சில ஆண்டு இடைவெளிக்குப் பின் 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கிய சேவைகளும் சுழல்விசிறி கொண்ட ஏடிஆர் வகைச் சிறு விமானங்களை நம்பியே நடந்து வந்தன. பெரிய விமானங்கள் வர வேண்டுமென்றால் ஓடுதளம் நீள வேண்டும்; அதற்காகத்தான் 2018-ல் கமலாபுரம், பொட்டிபுரம், தும்பிபாடி, சிக்கனம்பட்டி ஊர்களில் சுமார் 570 ஏக்கர் எடுக்கும் முயற்சி எழுந்து, உழவர்கள் அதை எதிர்த்தார்கள். அந்த விரிவாக்கம் எப்போது, எந்தத் திசையில் நடக்கும் என்பதை வைத்து உங்கள் முடிவை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் ஓடுதளம் உங்கள் பக்கமாக 800 மீட்டர் நீண்டால், இரண்டு கிலோமீட்டர் என்பது 1,200 மீட்டராகக் குறையும். 120 மீட்டரில் பறக்கும் விமானம் 78 மீட்டருக்கு இறங்கிவிடும். நான் சொன்ன சாய்தளமும் 39-லிருந்து 23 மீட்டருக்கு வந்துவிடும். நீங்கள் கட்டப் போகும் கட்டடம் அறுபது ஆண்டு நிற்கக்கூடியது. ஆகவே இன்றைய ஓடுதளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அந்தக் கணக்கு பத்தாண்டுகூடத் தாங்காமல் போகலாம்.

உலகெங்கும் கிடைத்த அனுபவம் ஒன்று உறுதியாகச் சொல்கிறது. விமான விபத்துகளில் பெரும்பாலானவை ஏறும்போதும் இறங்கும்போதும் நிகழ்கின்றன. அவற்றிலும் ஓடுதளத்தின் இரு முனைகளுக்கு வெளியே, அதன் நடுக்கோட்டை நீட்டினால் கிடைக்கும் குறுகிய பட்டையில்தான் மிகுதியானவை விழுகின்றன. அமெரிக்காவில் 1952-லேயே, நகரத்துக்கு அருகில் அடுத்தடுத்து நிகழ்ந்த விபத்துகளுக்குப் பிறகு அமைக்கப்பட்ட ஆணையம், ஓடுதள முனைக்கு அப்பால் அரை மைல் நீளத்துக்கு வீடே இல்லாத வெற்றிடம் வேண்டும் என்றது. கலிபோர்னியா மாநிலம் 1967-ல் ஒரு படி மேலே போய், பொது விமான நிலையம் உள்ள மாவட்டங்களில் அதைச் சுற்றிய நிலப்பயன்பாட்டைத் திட்டமிடத் தனி ஆணையங்களை அமைக்கச் சட்டம் இயற்றியது. அங்கே பின்பற்றும் முறையில் என் மனத்துக்கு மிகவும் உகந்தது இதுதான்: கட்டடத்தின் உயரத்தை மட்டும் பார்க்காமல், ஓர் ஏக்கரில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் கூடுவார்கள் என்று கேட்கிறார்கள். பள்ளி, மருத்துவமனை, முதியோர் இல்லம் ஆகியவற்றை எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் தனியாகப் பார்க்கிறார்கள். ஏனென்றால் ஓடித் தப்ப முடியாதவர்கள் இருக்கும் இடங்கள் அவை.

இதற்கு வெளிநாட்டுச் சான்றே தேவையில்லாதபடி, 2025 ஜூன் 12-ஆம் நாள் அகமதாபாத்தில் ஏறிய சில நொடிகளில் ஒரு விமானம் மருத்துவக் கல்லூரி விடுதியின் மேல் விழுந்தது. மாணவர்கள் உணவுக்கூடத்தில் அமர்ந்திருந்த மதிய நேரம் அது. தரையில் இருந்தவர்களில் மட்டும் 19 பேர் உயிரிழந்தார்கள். விபத்து அரிது என்பது உண்மை. உங்களை அச்சுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. உங்கள் வீட்டில் நீங்கள் குடியிருப்பதையும், உங்கள் வயலில் நால்வர் களை எடுப்பதையும் இந்தக் காரணம் காட்டி யாரும் தடுக்க வேண்டியதில்லை. எண்ணூறு பேரை அந்தக் கோட்டின் அடியில் புதிதாகக் கொண்டுவந்து கூட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கல்யாண மண்டபம் என்று வரும்போது, உயிர்ச்சேதக் கணக்கைத் தாண்டி இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் கொழுந்தனாரிடம் இதை முதலில் சொல்லுங்கள். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் பிறகு மண்டபத்தின் பின்புறம் எச்சில் இலைகளும் சோற்றுக் குப்பையும் குவியும். மறுநாள் அங்கே காக்கையும் பருந்தும் வட்டமிடும். 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 91-ஆவது விதி, விமான நிலையத்தின் மையப் புள்ளியிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும் குப்பை, கழிவு, இறைச்சிக் கழிவு ஆகியவற்றைக் கொட்டுவதையும், உரிய அனுமதியின்றிக் கால்நடைகளை அறுப்பதையும் தடை செய்கிறது. ஒரு பருந்து எஞ்சினுக்குள் போவது விமானத்துக்கு விளையாட்டு இல்லை. நம் பக்கத்தில் பெருகிவரும் மயில் பருந்தைவிடப் பல மடங்கு எடை கொண்டது. மண்டபத்தின் சமையல் கழிவைத் தினமும் மூடிய வண்டியில் அப்புறப்படுத்துவோம் என்று எல்லோரும் வாக்குக் கொடுக்கிறார்கள். வேறொரு மாவட்டத்தில், விமான நிலையத்துக்கு அருகில் இருந்த ஒரு மண்டபத்தை இரண்டு ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தேன். பின்சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்கு இலைக் குவியல் கிடந்தது. அன்று அனுமதிக் குறிப்பில் ஆட்சேபணை எழுதாமல் விட்டவர்களில் நானும் ஒருவன் என்பது இன்றும் எனக்கு வருத்தம். இது போதாதென்று வரவேற்பு நிகழ்ச்சியின் வாணவேடிக்கை, வானத்தை நோக்கிப் பாய்ச்சும் லேசர் விளக்கு, படம் பிடிக்கும் டிரோன் ஆகிய ஒவ்வொன்றும் இறங்கு பாதையின் அடியில் தனித்தனியான குற்றமாகவோ அனுமதி கேட்க வேண்டிய செயலாகவோ மாறும். வாடகைக்கு எடுப்பவர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்; பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

பள்ளியைப் பற்றி உங்கள் மகன் கேட்பதற்கு வருகிறேன். இரைச்சலுக்கான நடுவண் அரசின் 2018-ஆம் ஆண்டு அறிவிக்கை, மிகுந்த போக்குவரத்து இல்லாத நிலையங்களைச் சுற்றிய பகுதிக்குப் பகலில் 65, இரவில் 60 டெசிபல் என்று சராசரி வரம்பை வகுத்திருக்கிறது. சாதாரணக் குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டு விதிகள் வகுத்த வரம்பு பகலில் 55, இரவில் 45. பத்து டெசிபல் வேறுபாடு காகிதத்தில் சிறிதாகத் தெரியும். காதுக்கு அது ஏறக்குறைய இருமடங்கு சத்தம். இன்று கமலாபுரத்துக்கு வந்துபோகும் விமானங்களின் எண்ணிக்கைக்கு இரைச்சல் பெரிய தொல்லை இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் வரம்பு நாள் முழுவதற்குமான சராசரி. ஒரு நாளில் நான்கு முறை மட்டும் காதை அடைக்கும் சத்தம் வந்தால், சராசரி அதை மறைத்துவிடும். மதியம் தூங்கும் மூன்று வயதுக் குழந்தை சராசரியில் தூங்குவதில்லை. விமானங்கள் பெருகும்போது சன்னல்களை மாற்றலாம், சுவரைத் தடிமனாக்கலாம். விளையாட்டுத் திடலுக்குக் கூரை போட முடியாது. நான்கு வயதுப் பிள்ளைகள் நிறைந்த ஒரு கட்டடம் அந்தக் கோட்டின் அடியில் இருக்கக்கூடாது என்பதே என் முடிவான கருத்து. நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்படியானால் நிலத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். இறங்கு பாதையின் அடியில் இருக்கும் நிலம் பயனற்றுப் போய்விட்டது என்று ஒருபோதும் எண்ணாதீர்கள். குறைந்த ஆட்கள், தாழ்ந்த கூரை, பறவையை ஈர்க்காத பொருள் என்ற மூன்றும் பொருந்தும் எந்தத் தொழிலுக்கும் அந்த இடம் ஏற்றது. சரக்குக் கிடங்கு, மஞ்சளோ ஜவ்வரிசியோ மூட்டையாக அடுக்கி வைக்கும் குடோன், வெள்ளிக் கொலுசுப் பட்டறை, வாகனப் பணிமனை ஆகியவை அத்தகையவை. விசைத்தறிக் கூடத்தில் தறியின் இரைச்சலே விமானத்தின் இரைச்சலை விழுங்கிவிடும். பத்துப் பதினைந்து பேர் மட்டுமே அங்கு இருப்பார்கள். பெங்களூரு நெடுஞ்சாலை பக்கத்திலேயே இருப்பதால் கிடங்குக்கு வாடகை கேட்டு வருவோருக்குக் குறைவிருக்காது. வேளாண்மையாகவே வைத்திருப்பதும் நல்ல பயன்பாடுதான். அரளி, சம்பங்கி, மரவள்ளி, மஞ்சள் ஆகியவை விமானத்துக்கு எந்த இடைஞ்சலும் தருவதில்லை. கம்பும் சோளமும் பறவைக் கூட்டத்தை அழைக்கும். புதிதாகத் தென்னை வைக்க வேண்டாம், ஏனென்றால் ஆண்டுகள் போகப்போக அது பல மாடி உயரத்துக்குப் போய்விடும், அன்று அதை வெட்டச் சொல்லி அறிவிப்பு வரும்போது உங்கள் பேரப்பிள்ளைகள் வருந்துவார்கள். ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் மரவள்ளிச் சக்கையான திப்பியை உலர்த்தும் களத்துக்கு நிலம் கேட்டு வந்தால், அது திறந்த வெளியில் நொதித்துப் பறவைகளைக் கூட்டும் என்பதால் மறுத்துவிடுங்கள்.

ஊருக்குள் இருக்கும் அரை ஏக்கர்தான் உங்கள் மகனின் பள்ளிக்கு வழியாகலாம். அதைச் சரிபார்க்கும் முறை எளியது. கைபேசியின் செயற்கைக்கோள் வரைபடத்தில் ஓடுதளத்தைக் கண்டுபிடியுங்கள். அது வடகிழக்கு - தென்மேற்காகக் கிடக்கும். அதன் நடுக்கோட்டைத் தென்மேற்கே நேராக நீட்டிக் கொண்டுவாருங்கள். முனையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில், நான் முன்பு சொன்ன சாய்தளம் அந்தக் கோட்டின் இருபுறமும் ஏறத்தாழ 440 மீட்டர் அகலத்துக்கு விசிறிபோல் விரிந்திருக்கும். ஊர்மனை அந்தக் கோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டராவது பக்கவாட்டில் விலகியிருந்தால், பள்ளிக்கு அதைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். அங்கே உயரத்துக்கான வரம்பும் ஓரடுக்குப் பள்ளியைத் தொடாத அளவுக்கு மேலே இருக்கும். கட்டுவதற்கு முன் பள்ளியின் தளமட்டத்தைக் கடல் மட்டத்தோடு ஒப்பிட்டு அளந்து, நில அளவையாளரிடம் சான்று வாங்கிய பிறகே விண்ணப்பியுங்கள்.

எந்த நிலத்தில் செலவு செய்வதற்கும் முன்பாக, இரண்டரை ஏக்கரின் புல எண் நில எடுப்புப் பட்டியல் எதிலாவது இருக்கிறதா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் நில எடுப்புப் பிரிவில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் முதல்நிலை அறிவிக்கை வந்துவிட்டால், அதன் பிறகு அந்த நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ இயலாது. கிராம நிர்வாக அலுவலர் வாய்மொழியாகச் சொல்வதை மட்டும் நம்பிப் போய்விடாதீர்கள்.

இன்னொன்றை நான் சொல்லியே ஆக வேண்டும். நிலத்தின் பயன்பாட்டை இப்படிச் சுருக்கிக்கொள்ளும் சுமை உங்கள் தலையில் மட்டும் விழுவது நியாயமில்லை. விமான நிலையத்தால் பயன் பெறுவது சேலம் மாவட்டம் முழுவதும். பக்கத்து ஊர்களில் மனை விலை ஏறுகிறது. இறங்கு பாதையின் அடியில் இருப்பவர் மட்டும் மண்டபம் கட்டாமல் பொறுத்துப் போக வேண்டுமா? வேறு நாடுகளில், அத்தகைய நிலத்தின் மேல் பறக்கும் உரிமையையும் அங்கே உயரமாகவோ நெரிசலாகவோ கட்டாமல் இருக்கும் ஒப்புதலையும் விமான நிலையமே பணம் கொடுத்து வாங்கிப் பத்திரத்தில் பதிவு செய்யும் வழக்கம் இருக்கிறது. நிலம் உழவரிடமே இருக்கும். 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாராகும்போது, ஓடுதளத்தின் இரு முனைகளிலும் மண்டபம், பள்ளி, மருத்துவமனை கூடாது என்று தெளிவாக எழுதி, அதற்கு ஈடாக அந்த நிலங்களுக்குக் கிடங்கும் சிறுதொழிலும் தடையின்றி அனுமதிக்கப்பட வேண்டும் என்பது என் கோரிக்கை. வரைவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுத்தில் தர யாருக்கும் உரிமை உண்டு. உங்களைப் போன்ற பத்து நில உடைமையாளர்கள் சேர்ந்து, புல எண்களோடு கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி அதையும் இணைத்து அனுப்பினால், அலுவலகத்தில் அந்த மனுவை ஒதுக்கிவிட முடியாது. மனுவின் வரைவை எழுதித் தர வேண்டுமானால், உங்கள் நிலத்தின் புலப்பட நகலையும் ஊர்மனையின் அளவையும் இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். நானே எழுதித் தருகிறேன்.